ஷின்காயின் இரண்டு காதல் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஜப்பானிய இயக்குநர் மக்கோட்டோ ஷின்காயின் ‘செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர்’ (2007), ‘உன் பெயர்’ (2016) ஆகிய இரண்டு அனிமே படங்களையும் பார்த்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர். ஆனால் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் ‘முதலாவதில் சேரவில்லை, இரண்டாவதில் சேர்ந்துவிட்டார்கள்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது பிழையில்லை. ஆனால் முடிவை மட்டும்தான் அது சொல்கிறது. ஒரே இயக்குநர், ஒரே மாதிரியான வானம், ரயில், கைத்தொலைபேசி, பிரிந்த இருவர் எனக் கிட்டத்தட்ட அதே பொருட்களை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து எப்படி எதிர்த்திசையில் போனார் என்பதே பார்க்க வேண்டிய விடயம்.

அதற்கான முறை ஒன்றைக் கீழே தருகிறோம். பாடசாலைத் திரைப்பட வட்டத்துக்கும், வெள்ளவத்தை வீடொன்றில் நாலு பேர் கூடிப் பார்ப்பதற்கும், தனியே எழுத நினைப்பவருக்கும் இது பொருந்தும். இரண்டு படங்களின் முடிவும் வெளிப்படையாகப் பேசப்படுவதால், பாராதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முறையின் அடிப்படை இதுதான். முழுப் படத்தை முழுப் படத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரு காட்சியை இன்னொரு காட்சியோடு வையுங்கள். எல்லாச் சோடிகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இருவருக்கும் நடுவில் நிற்பது எது?

பார்ப்பதற்கு முன்

சரியான படத்தைத்தான் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2007 படம் ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும் மட்டுமே ஓடும். மூன்று பகுதிகள் கொண்டது. நடிகர்கள் நடித்த வடிவம் ஒன்று 2025இல் ஜப்பானில் வந்தது, இந்த ஒப்பீட்டில் அது சேராது. 2016 படம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலம். ‘கிமி நோ நா வா’ என்ற அதன் ஜப்பானியப் பெயரைத் தேடினால் 1953இல் வந்த பழைய கறுப்பு வெள்ளைப் படமும் வரும். அது முற்றிலும் வேறு கதை.

இரண்டு கதைகளையும் ஷின்காய் நாவலாகவும் எழுதியிருக்கிறார். நாவலில் வரும் விளக்கங்களைப் படத்தின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். இணையத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் பல சறுக்குவது இங்கேதான். திரையில் காணாத ஒன்றைத் திரையில் கண்டதுபோல எழுதிவிடுகிறார்கள்.

இரண்டையும் ஜப்பானிய ஒலியோடும் சப்டைட்டிலோடும் பாருங்கள். இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ‘உன் பெயர்’ படத்தின் ஆங்கில டப்பிங்குக்காக ரட்விம்ப்ஸ் இசைக்குழு தன் பாடல்களை ஆங்கிலத்திலும் பாடியிருக்கிறது. ஒன்றை ஜப்பானியத்திலும் மற்றதை ஆங்கிலத்திலும் பார்த்தால் பாடல் பற்றிய ஒப்பீடு முழுவதும் கோணலாகிவிடும்.

கைத்தொலைபேசித் திரை வேண்டாம். 2007 படத்தில் கடிதம், நிலையத்துக் கடிகாரம், ரயில் தாமத அறிவிப்பு, அனுப்பாத மின்னஞ்சல் எனச் சின்ன எழுத்தில் வரும் பொருட்களே கதையை நகர்த்துகின்றன. ஒலிக்கும் இதே கவனம் வேண்டும். முதற்பகுதியில் பனி விழும் ரயில் நிலையங்களில் பேச்சு மிகக் குறைவு. மின்விசிறிச் சத்தத்திலும் காலி வீதி பஸ் ஹோர்னிலும் அந்த அமைதி கரைந்துபோகும். ஹெட்போன் இல்லையென்றால் இரவு பத்துக்குப் பிறகு பாருங்கள்.

வெளிவந்த வரிசைப்படியே 2007 முதலில், 2016 பிறகு. நடுவில் ஓர் இரவாவது விடுங்கள். இரண்டாவது படத்தின் பாடல்களும் வேகமும் முதற்படத்தின் மெல்லிய ஒலியை மிக எளிதாக மூடிவிடும். குழுவாக ஒரே நாளில்தான் முடியும் என்றால் போயா விடுமுறையில் காலையில் ஒன்று, மாலையில் மற்றது. முதல் தடவை பேனையைத் தொடாதீர்கள். இரண்டாம் தடவை முழுப் படத்தையும் ஓட்ட வேண்டியதில்லை, கீழே சொல்லும் சோடிக் காட்சிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கொப்பியில் எழுதும் விதம்

கொப்பியை விரித்து இடப்பக்கம் 2007, வலப்பக்கம் 2016 என ஒதுக்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் அது வரும் நிமிடம், கண்ணில் படுவது, காதில் விழுவது, அந்த இருவரில் யார் எதை வேண்டி நிற்கிறார் என்ற நான்கையும் எழுதுங்கள். ‘சோகம்’, ‘அழகு’ என்ற சொற்களைக் குறிப்பில் எழுதத் தடை போடுங்கள். அந்தச் சொல் பேனை நுனிக்கு வரும்போது, அதை உண்டாக்கிய பொருளை எழுதுங்கள்: மூடும் கதவு, நின்றுபோன கடிகாரம், கையிலிருந்து பறந்த தாள்.

நாயகர்களின் பெயர்கள் தகாகி, டாகி என ஒன்றுபோல ஒலிப்பதால் குறிப்பில் குழப்பம் வரும். தோனோ, தச்சிபானா என்ற குடும்பப் பெயர்களின் முதலெழுத்தைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2007இல் தகாகியோடு இருப்பவர்கள் அகாரி, பிறகு கனாயே. 2016இல் டாகியோடு மிட்சுஹா.

முதற் சோடி: எழுதியும் சேராத சொல்

நேரம் குறைவென்றால் இந்த ஒரு சோடியை மட்டுமாவது எடுங்கள். இரண்டு படங்களின் வேறுபாடும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

2007இன் முதற்பகுதியில் பாடசாலைச் சிறுவன் தகாகி, டோக்கியோவிலிருந்து தொச்சிகி மாகாணத்து இவாஃபுனே நிலையத்துக்கு அகாரியைக் காணப் போகிறான். மார்ச் 4, மாலை 7 மணிக்குச் சந்திப்பு. பனியால் ரயில்கள் ஒவ்வொன்றாகத் தாமதமாகின்றன, கடைசி ரயில் வெறும் வயல்வெளியில் இரண்டு மணித்தியாலம் நின்றுவிடுகிறது. வழியில் ஒரு மேடையில் அவன் எழுதி வைத்திருந்த கடிதத்தைக் காற்று கொண்டுபோகிறது. இரவு 11 மணி கடந்து போய்ச் சேர்கிறான், அகாரி காத்திருக்கிறாள். அவளும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள் என்பது மறுநாள் காலை அவன் ரயில் போன பிறகே நமக்குத் தெரிகிறது. அவன் கடிதம் காற்றால் போனது. அவள் கடிதத்தைத் தடுத்தவர் யாருமில்லை. இரவு முழுவதும் ஒன்றாக இருந்தும் அவள் கொடுக்கவில்லை, அவனும் தொலைந்ததைச் சொல்லவில்லை. இதைத் தனிவரியாக எழுதி அடிக்கோடிடுங்கள்.

இரண்டாம் பகுதியில் தனேகஷிமா தீவுக்கு மாறிப்போன தகாகி கைத்தொலைபேசியில் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறான். பெறுநர் இல்லாத மின்னஞ்சல் அது. எழுதி எழுதித் தானே அழிக்கிறான்.

இப்போது வலப்பக்கம். டாகியும் மிட்சுஹாவும் உடல் மாறும் நாட்களில் ஒருவருக்கொருவர் கைத்தொலைபேசியில் நாட்குறிப்பு எழுதி வைக்கிறார்கள். மிட்சுஹாவின் ஊரான இதோமொரி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வால்வெள்ளித் துண்டு விழுந்து அழிந்துவிட்டது என்று டாகி அறியும் இடத்தில், அந்தக் குறிப்புகள் அவன் கண்முன்னே எழுத்தெழுத்தாகச் சிதைந்து மறைகின்றன. அழித்த விரல் அவனுடையதல்ல. பிறகு மலையுச்சியில், அந்தி நேரத்தில், மறக்காமலிருக்க ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் பெயர் எழுதத் தொடங்குகிறார்கள். அவள் பேனையை வைத்து ஒரு கோடு இழுப்பதற்குள் பொழுது முடிகிறது, பேனை கீழே விழுகிறது. அவள் பின்னர் தன் கையை விரித்துப் பார்த்தால் அங்கே பெயர் இல்லை. விருப்பத்தைச் சொல்லும் சொல் இருக்கிறது.

கேள்வியை இங்கே கேளுங்கள். 2007இல் நடுவில் நிற்பது வெளியே தூரமும் பனியும். ஆனால் அவற்றைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த பின்னும் வாய் திறக்காத தயக்கம் உள்ளே நிற்கிறது. 2016இல் இருவரும் பேசத் துடிக்கிறார்கள், நடுவில் நிற்பது காலமும் மறதியும். முதற்படத்தில் தடையை நீக்கினாலும் அவர்கள் சேர்வார்களா என்பது சந்தேகம். இரண்டாவதில் தடையை நீக்கினால் போதும். இரண்டு முடிவுகளும் வேறுபடுவதன் வேர் இதுதான் என்பது எங்கள் கருத்து. உங்கள் குறிப்பு வேறு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கமே போங்கள், ஆனால் காட்சியைச் சான்றாக வையுங்கள்.

வானம்

தனேகஷிமாவில் கனாயே தன் மனதைச் சொல்ல நினைக்கும் மாலையில், அவர்களுக்குப் பின்னால் ரொக்கெட் கிளம்புகிறது. அதன் புகைத்தடம் வானத்தை ஒளியும் இருளுமாகப் பிளக்கிறது. தகாகியின் பார்வை தன்னைத் தாண்டி எங்கோ போகிறது என்று அவளுக்கு அப்போது புரிகிறது, சொல்லாமலே விட்டுவிடுகிறாள். ‘உன் பெயர்’ படத்தில் 1200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தியாமத் வால்வெள்ளி திருவிழா இரவில் பிளந்து விழுகிறது. ஒன்று மேலே போகிறது, மற்றது கீழே வருகிறது. முதலாவது ஒருவரின் ஏக்கத்தைக் காட்டும் பொருளாக நிற்க, இரண்டாவது ஊரையே கொல்கிறது. 2011இன் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்தப் படத்தை எழுதத் தூண்டின என்று ஷின்காயே சொல்லியிருக்கிறார். 2004 டிசம்பரைக் கண்ட தீவில் இருந்துகொண்டு இந்தக் காட்சியை எழுதும்போது, நம் நினைவையும் படத்தின் செய்தியையும் வெவ்வேறு பத்திகளில் வையுங்கள். இரண்டுக்கும் இடம் உண்டு, கலந்தால் இரண்டும் மங்கும்.

ரயிலும் கடைசிச் சந்திப்பும்

2007 படத்தில் ரயில் முதலில் தாமதப்படுத்துகிறது, பிறகு மறைக்கிறது. தொடக்கத்தில் சிறுவர்களான இருவரையும் ஒரு புகையிரதக் கடவையில் ரயில் பிரிக்கிறது. ஆண்டுகள் கழிந்து அதே கடவையில் வளர்ந்த இருவரும் எதிரெதிரே கடக்கிறார்கள். அவன் திரும்புகிறான். ஒரு ரயில் போகிறது, உடனே எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று. கரையோரப் பாதையின் கடவைகளில் நின்று பழகியவர்களுக்கு அந்த இரண்டாவது ரயிலின் நீளம் உடம்பிலேயே தெரியும். ரயில் போன பின் அங்கே யாருமில்லை. அவன் மெல்லச் சிரித்துவிட்டு நடக்கிறான். அந்தச் சிரிப்பை இருமுறை பாருங்கள். தோல்வி என்றோ விடுதலை என்றோ ஒரே சொல்லில் எழுதிவிட அது இடம் தராது.

2016இல் மிட்சுஹா மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே டோக்கியோ வந்து, ரயிலில் டாகியைக் கண்டு பேசுகிறாள். அவனுக்கு அவளை இன்னும் தெரியாது. இறங்கும்போது தலைமுடியைக் கட்டிய பின்னல் நூலை அவனிடம் நீட்டுகிறாள். கடைசியில் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் போகும் இரண்டு ரயில்களின் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் கண்டு, இருவரும் இறங்கி ஓடுகிறார்கள். டோக்கியோவின் சுகா கோயிலருகே உண்மையாகவே உள்ள படிக்கட்டில் ஒருவர் ஏற, ஒருவர் இறங்கக் கடந்து போகிறார்கள். பிறகு அவன் திரும்பிப் பேசுகிறான்.

இங்கே ஒரு பயிற்சி. இரண்டு கடைசிக் காட்சிகளையும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கடவையிலும் படியிலும் இருவர் பேசாமல் கடந்து போவது ஒன்றே. திரும்பியவன் வாய் திறந்தானா என்பதில்தான் வேறுபாடு. அடுத்து ஒலியோடு பாருங்கள். 2007இன் மூன்றாம் பகுதியை மசயோஷி யமசாக்கியின் 1997ஆம் ஆண்டுப் பாடலே இறுதிவரை கொண்டுசெல்கிறது. படத்துக்கு முன்பே மக்கள் அறிந்த பாட்டு. அதற்குக் காட்சிகள் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மற்றப் பகுதிகளில் இசையமைப்பாளர் தென்மொனின் பியானோ. 2016இன் பாடல்கள், படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே ரட்விம்ப்ஸ் குழுவோடு சேர்ந்து அமைக்கப்பட்டவை.

கதைசொல்லும் குரலிலும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது, பலர் தவறவிடுவது. 2007இன் மூன்றாம் பகுதியில் தகாகியும் அகாரியும் தாங்கள் கண்ட கனவை மாறி மாறி ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் சொல்கிறார்கள். 2016 படம் தொடங்குவதே அப்படி மாறி மாறிப் பேசும் இரண்டு குரல்களில்தான். முதற்படம் முடிந்த வடிவத்தில் இரண்டாவது ஆரம்பிக்கிறது.

திணையை வைத்துப் பார்த்தல்

சாதாரண தரத்திலேயே தமிழ் இலக்கியம் படித்தவர்களிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது, இந்தப் படங்களுக்கு அதை யாரும் எடுப்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள உயிர்களும் பொருட்களும் கருப்பொருள். காதலர் மனநிலை உரிப்பொருள். ஷின்காய் படங்களில் முகத்தைவிட நிலமும் பொழுதும் அதிகம் பேசுவதால் இந்தக் கருவி நன்றாகப் பிடிக்கும்.

தனேகஷிமாப் பகுதி அப்படியே நெய்தல். கடற்கரை, அலையில் சறுக்கப் பழகும் பெண், பொழுது சாயும் நேரம், இரங்கல். இவாஃபுனே இரவை முதலில் பாலை என்று சொல்லக் கூசும், பாலைக்கு வேனிலும் நண்பகலும்தானே நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பியம் பின்பனியையும் பாலைக்கு உரியதாகச் சொல்கிறது. பின்பனி மாசியும் பங்குனியும். மார்ச் 4 மாசியில் வருகிறது, உரிப்பொருளோ பிரிவு. பொருந்தி நிற்கிறது.

‘உன் பெயர்’ படத்தின் மலையுச்சிச் சந்திப்பை எழுதிப் பாருங்கள். நிலம் குறிஞ்சி, அங்கே நடப்பது கூடல். ஆனால் பொழுது மாலை, அது முல்லைக்குரியது. ஒரு நிலத்தில் இன்னொன்றின் பொழுது மயங்கி வருவதை நம் இலக்கணம் ஏற்கிறது. அந்தப் பொழுது முடிந்த பின் அவர்களுக்கு வாய்ப்பது முல்லையின் இருத்தல்: யாருக்காக என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. இப்படி எழுதியதும், 2007 பாலையிலிருந்து நெய்தலுக்குப் போகும் படம், 2016 குறிஞ்சியிலிருந்து முல்லைக்குப் போகும் படம் என்ற வரி கையில் கிடைக்கிறது. கட்டுரையின் நடுப்பகுதிக்கு அந்த ஒரு வரி போதும்.

எச்சரிக்கை ஒன்று. இது பார்ப்பவரின் கருவி. இயக்குநர் சங்கப் பாடலை அறிந்து செய்தார் என்று எழுதாதீர்கள். செரிப்பூவைக் குறிஞ்சிப்பூ ஆக்கவும் வேண்டாம். அவர் தன் மரபிலிருந்து எடுத்தவை வேறு: பழைய ஜப்பானியப் பெண்கவிஞர் ஓனோ நொ கொமாச்சியின் கனவுக் கவிதையும், ஆணும் பெண்ணும் இடம் மாறும், ஜப்பானின் பழைய ஹெயான் காலக் கதையும் ‘உன் பெயர்’ படத்துக்கு வித்தானவை.

எங்கே பிழைக்கும்

அதிகம் நடக்கும் பிழை, 2016 படத்தை 2007இன் ‘திருத்திய பதிப்பு’ என்று எழுதுவது. அப்படி எழுதினால் முதற்படம் குறைபட்டது என்று ஆகிவிடும். ஆனால் தகாகியின் கதை முடிய வேண்டிய இடத்தில்தான் முடிகிறது.

இன்னொன்று, உருவாக்கிய ஆட்களை மறப்பது. 2007இல் கதாபாத்திர வடிவம் தகாயோ நிஷிமுராவினுடையது. முகங்கள் அதிகம் அசையாது, பின்னணி ஓவியமும் கதைசொல்லும் குரலும் சுமையைத் தாங்கும். 2016இல் கதாபாத்திரங்களை வடித்தவர் மசயோஷி தனாகா. அசைவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் கிப்லி என்ற ஜப்பானிய அனிமே நிறுவனத்தின் படங்களில் தேர்ந்த மசாஷி அண்டோ. டாகியின் உடலுக்குள் மிட்சுஹா இருக்கும்போது அவன் உட்காரும் விதம், அவள் ஓடித் தடுக்கி விழும் விதம் என்று உடம்பே நடிக்கிறது. ‘இரண்டாவதில் பாத்திரங்களோடு ஒட்ட முடிந்தது’ என்று தோன்றினால், அதற்குக் கதை மட்டும் காரணமா, இந்த அசைவு எவ்வளவு காரணம் என்று பிரித்து எழுதுங்கள்.

வசூலை அளவுகோலாக்காதீர்கள். ‘உன் பெயர்’ ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென்னைத் தாண்டியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு அது விடை, எந்தப் படம் ஆழமானது என்பதற்கு அல்ல.

எழுதும்போது

800 சொல்லுக்குள் எழுதுவதானால் சோடி இரண்டே எடுங்கள்: எழுதிய சொல், கடைசிச் சந்திப்பு. கதைச்சுருக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஆறு வரி. ஒரு பத்தி முழுக்க 2007, அடுத்தது முழுக்க 2016 என்று போகாமல், ஒரே பத்திக்குள் இரண்டையும் மோதவிடுங்கள். உங்கள் தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம், ஒளித்து வைக்கத் தேவையில்லை.

எழுதி முடித்ததும் உங்கள் முடிவைச் சோதிக்க மூன்றாவது படமொன்று இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே 2013இல் வந்த ‘சொற்களின் தோட்டம்’, 46 நிமிடம். அதிலும் ஒரு படிக்கட்டு வருகிறது. அங்கே இருவரும் அழுதுகொண்டே மனதிலுள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் பிறகு பிரிகிறார்கள். ‘பேசினால் சேர்வார்கள், பேசாவிட்டால் பிரிவார்கள்’ என்று உங்கள் கட்டுரை சொல்லியிருந்தால், அந்தப் பத்தியை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.